மூன்றாம் நாள் ஏன் மோசமாகிறது?



பட்டாசு விபத்தில் காயமடைந்தவரின் உறவினர்கள் தீக்காய வார்டில் கேட்கும் கேள்வி இது: “முந்தாநாள் நன்றாகப் பேசினாரே, இன்று ஏன் மூச்சுத் திணறுகிறது?” 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்திலும், உயிரோடு மீட்கப்பட்ட சிலர் அடுத்தடுத்த நாட்களில் மருத்துவமனையில் இறந்தனர். புகை, நோய்த்தொற்று முதலிய காரணங்களோடு, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு காரணமும் உண்டு. அதை இங்கே அறிந்துகொள்வோம்.

நம் இரத்தக்குழாயின் உட்சுவர் வழுவழுப்பானது. வெள்ளையணுக்கள் அதில் ஒட்டாமல் ஓடிக்கொண்டிருக்கும். தோல் வெந்தவுடன் அங்குள்ள செல்கள் ஹிஸ்டமின், டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1 ஆகிய இரசாயனச் செய்திகளை அனுப்புகின்றன. உடனே சுவர் ஒட்டும் தன்மை பெறுகிறது:

1. சில நிமிடங்களில், சுவர்ச் செல்லுக்குள் சேமிக்கப்பட்டிருந்த பி-செலக்டின் மேற்பரப்புக்கு வருகிறது.

2. ஓரிரு மணி நேரத்தில் இ-செலக்டின் புதிதாகத் தயாராகிறது. இவ்விரண்டும் வெள்ளையணுவை மெல்லப் பிடித்துச் சுவரோரம் உருளச் செய்கின்றன.

3. பின்னர் ஐகாம்-1 பெருகி, ஒரு நாள் அளவும் நிலைக்கிறது. வெள்ளையணுவின் இன்டக்ரின் அதை இறுகப் பற்ற, அணு சுவரைக் கடந்து காயத்துக்குள் நுழைகிறது.

இது நன்மைக்கே. பிறவியிலேயே இந்த இன்டக்ரின் குறைந்த குழந்தைகளுக்குப் புண்ணில் சீழ் பிடிப்பதில்லை; ஆனால் புண் ஆறுவதுமில்லை, தொற்று மீண்டும் மீண்டும் வரும்.

ஆனால் உடலின் தோலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெந்தால், செய்தி உடலெங்கும் பரவக்கூடும். நெருப்பே படாத நுரையீரலின் நுண்குழாய்களிலும் வெள்ளையணுக்கள் தங்கிச் சேதம் விளைவிக்கின்றன. நீர் கசிந்து மூச்சு முட்டுகிறது. காயத்தின் ஓரத்தில் பிழைக்கக்கூடிய தோலிலும் இரத்த ஓட்டம் தடைபட்டு, மேலோட்டமான புண் இரண்டு மூன்று நாளில் ஆழமாகலாம்.

ஒட்டுதலைத் தடுக்கும் மருந்துகள் விலங்குச் சோதனைகளில் பலன் தந்தும், தீக்காயத்துக்கு வழக்கமான சிகிச்சையாகவில்லை. ஒட்டுதலை நிறுத்தினால், தொற்றை எதிர்க்கும் வலிமையும் குறையும்.

ஆகவே நம் கையில் இருப்பது முதல் மணி நேரம். குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் காயத்தின்மேல் ஓடவிடுங்கள். மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலனுண்டு. ஐஸ், பேனா மை, பற்பசை, மாவு எதுவும் வேண்டாம். காயம் படாத பாகங்களைப் போர்த்தி, விரைவாக மருத்துவமனை சேருங்கள்.

இன்னொன்று. முதல் நாள் பேசுகிறார், சாப்பிடுகிறார் என்று நோயாளியை வீட்டுக்கு அழைத்துச் செல்லாதீர்கள். ஆபத்தான நாட்கள் இனிமேல்தான் வரலாம்.