கடல் கடந்த குரல்

கைப்பேசிக்குக் கம்பி இல்லை என்று எண்ணுகிறோம். அருகிலுள்ள கோபுரம் வரையே அது உண்மை. அதற்கப்பால் பேச்சைச் சுமப்பது பெரும்பாலும் மண்ணுக்கடியில் கிடக்கும் கண்ணாடி இழையாகும். கோபுரத்திற்கு மின்சாரமும் வேண்டும். அது நின்றால் மின்கலம் சில மணி நேரம் தாங்கும். பின்னர் டீசலும் தீர்ந்தால் கைப்பேசி ஊமையாகிவிடும்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது அந்தமான் நிக்கோபார் தீவுகள் பலவற்றில் தொலைபேசித் தொடர்பு அறுந்தது. ஹாம் வானொலியாளரான பாரதி பிரசாத் அப்பொழுது போர்ட் பிளேரில் இருந்தார். அவருடைய சிற்றலை வானொலிக்குக் கைப்பேசிக் கோபுரம் வேண்டியதில்லை. வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலையே செய்தியைக் கடல் கடத்திவிடும்! தீவிலிருந்த உறவினர் உயிருடன் உள்ளனரா என்று கலங்கிய குடும்பங்கள் பலவற்றுக்கு அவ்வழியே விடை வந்தது.

சொற்பொருள்: ஆழிப்பேரலை – சுனாமி, மின்கலம் – பேட்டரி.