அந்நியப் படையும் வீட்டுச் சாவியும்

பிரிக்ஃபீல்ட்ஸில் பழைய மாணவர்களும் புதியவர்களும் ஒருநாள் கூடியிருந்தோம். கிள்ளானிலிருந்து வந்திருந்த முதலாமாண்டுத் தம்பி ஒருவர், "அண்ணா, 1957இல் சுதந்திரம் பெற்ற நாட்டில் ஆஸ்திரேலியப் படைவீரர்களுக்கு இன்னமும் என்ன வேலை?" என்று கேட்டார். வாழையிலையின் முன் அமர்ந்து நான் சொன்ன பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. எனவே இக்கட்டுரை.

சுதந்திரம் கிடைத்த ஆறு வாரங்களில், 1957 அக்டோபர் 12இல், கோலாலம்பூரில் ஆங்கிலோ-மலாயா பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. அவசரகாலம் அப்போது முடியவில்லை. நம் விமானப்படை 1958 ஜூன் மாதம்தான் தொடங்கியது. துங்குவின் கட்சிக்குள்ளேயே இவ்வொப்பந்தத்திற்கு எதிர்ப்பு எழுந்தது. தனித்து நின்று நாட்டைக் காக்கும் வலிமை நமக்கு இல்லை என்பதே அவர் நிலைப்பாடு.

ஆபத்து வரும்போது அழைத்தால் போதாதா? போதாது. படை கடல் கடந்து வர வாரக்கணக்கில் ஆகும். மேலும், தாளில் எழுதிய வாக்கை ஒரு நாடு மறந்துவிடலாம். தன் வீரர்கள் தங்கியிருக்கும் முகாம் தாக்கப்பட்டால் மறக்க முடியாது. 1964 செப்டம்பரில் இந்தோனேசிய வான்குடை வீரர்கள் ஜொகூரின் லாபிஸ் பகுதியில் இறங்கியபோது, அவர்களைத் தேடிப் பிடிக்க மலாக்காவின் தெரண்டாக் முகாமிலிருந்த நியூசிலாந்துப் படையினரும் சென்றனர். அவர்கள் அருகிலேயே இருந்தார்கள்.

வந்தவர்களுக்கும் சொந்தக் காரணங்கள் இருந்தன. பிரிட்டனுக்கு ரப்பரும் ஈயமும். ஆஸ்திரேலியாவுக்கோ 1942இன் நினைவு. சிங்கப்பூர் பிப்ரவரி 15இல் வீழ்ந்தது; நான்கே நாளில் டார்வின் நகரின் மீது குண்டுகள் விழுந்தன. போரைத் தன் கரைக்கு வரவிடாமல் தொலைவிலேயே தடுக்க வேண்டும் என்பது அந்நாடு கற்ற பாடம்.

அப்படியானால் நம் இறையாண்மை? எனக்கு மிகவும் சுவையாகப் பட்ட இடம் இதுதான். ஒப்பந்தத்தின் எட்டாம் பிரிவின்படி, இவ்வட்டாரத்திற்கு வெளியே நடக்கும் போருக்கு நம் தளங்களைப் பயன்படுத்த நம் அரசின் முன் ஒப்புதல் தேவை. ஆனால், படையை நாட்டைவிட்டு வெளியே எடுத்துச் செல்லத் தடையில்லை! மலாயா சீட்டோ கூட்டணியில் சேரவில்லை. 1962இல் ஆஸ்திரேலியா தன் சேபர் விமானங்களைப் பட்டர்வொர்த்திலிருந்து தாய்லாந்தின் உபோனுக்கு அனுப்ப விரும்பியது. அவை வடக்கே நேராகப் பறக்கவில்லை. முதலில் தெற்கே சிங்கப்பூருக்குப் போய், அங்கிருந்து தாய்லாந்து சென்றன. கண்ணாமூச்சி ஆட்டம்தான். ஆயினும் சாவி நம் கையில் இருந்ததால்தானே சுற்றிப் போக நேர்ந்தது?

விருந்தினர் எப்போது கிளம்புவார் என்பது மட்டும் நம் கையில் இல்லை. பவுண்டின் மதிப்பு 1967இல் குறைக்கப்பட்டது. 1971க்குள் வெளியேறுவதாக 1968 ஜனவரியில் லண்டன் அறிவித்தது. அதன்பின் 1971இல் மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சேர்ந்து ஐந்து நாடுகள் பாதுகாப்பு ஏற்பாட்டைக் கண்டன. தாக்குதல் நேர்ந்தால் உடனடியாகக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதே அதிலுள்ள கடமை. போரிட்டே ஆகவேண்டும் என்ற சொல் அதில் இல்லை. பட்டர்வொர்த் தளம் 1988இல் முழுமையாக நம் விமானப்படையின் பொறுப்புக்கு வந்தது.

தம்பி கேட்ட வீரர்கள், 1970 முதல் சுழற்சி முறையில் அங்கு வந்துபோகும் ஆஸ்திரேலியத் துப்பாக்கிப் படைப்பிரிவினர். பயிற்சிக்காக வருகிறார்கள் என்பதே வெளியில் சொல்லப்பட்ட காரணம். ஆனால் கம்யூனிஸ்டுகளின் இரண்டாவது கிளர்ச்சி 1968இல் தொடங்கி 1989 டிசம்பரில்தான் ஒப்பந்தத்தோடு முடிந்தது. அக்காலத்தில் தளத்தையும் விமானங்களையும் காப்பதும் அவர்கள் வேலையாக இருந்தது. அன்று பணியாற்றியவர்களில் பலர், தங்கள் சேவையைப் போர்ச்சேவையாக ஏற்கும்படி தங்கள் சொந்த அரசிடமே பல ஆண்டுகள் வாதாடினர். தம்பி என்னிடம் கேட்ட அதே கேள்வியைத்தான் அவர்களும் கேட்டார்கள்: நாங்கள் அங்கு எதற்காக இருந்தோம்?