பன்னாட்டு வளர்ச்சிக் கல்வியும் நம் மாவட்ட மாணவரும்

‘பன்னாட்டு வளர்ச்சி’ என்னும் தொடரைக் கேட்டவுடன் நியூயார்க்கு நகரத்து உயர்ந்த மாளிகையும், பல நாட்டுக் கொடிகளும், ஆங்கிலச் சொற்பொழிவும் நினைவில் எழுவது இயல்பே. ஆயின் அத்துறையின் பணியை நேரிற் காண விரும்பும் அனந்தபுரத்து மாணவர் கடல் கடக்க வேண்டுவதில்லை. தம் தாயாரோ அத்தையோ கையில் வைத்திருக்கும் சுய உதவிக் குழுச் சேமிப்புப் புத்தகத்தைப் புரட்டினாற் போதும்.

அப்புத்தகத்திற்கு உரோமாபுரி வரை நீளும் ஒரு வரலாறு உண்டு. 1974-இல் கூடிய உலக உணவு மாநாட்டின் பயனாக, 1977-இல் ஐக்கிய நாடுகள் அவையின் சிறப்பு நிறுவனமாகப் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம் தோன்றிற்று. அதன் தலைமையிடம் உரோமாபுரி. அந்நிதியத்தின் உதவியுடன் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் 1989-இல் தருமபுரியில் தொடங்கப்பெற்று, 1991-92-இல் சேலத்திற்கும் ஒன்றுபட்ட தென்னார்க்காட்டிற்கும் விரிவுற்றது. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993 செப்டம்பர் 30-ஆம் நாளில்தான். மாவட்டம் பிறப்பதற்கு முன்னரே இத்திட்டம் இம்மண்ணில் கால்கொண்டுவிட்டது என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி.

உரோமாபுரியிலிருந்து புறப்பட்ட பணம் நேரே சிற்றூர்ப் பெண்ணின் கைக்கு வந்துவிடவில்லை. 1983-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் திட்டத்தை நடத்தியது. தன்னார்வ அமைப்புகள் ஊர் ஊராகச் சென்று குழுக்களை அமைத்தன. இந்தியன் வங்கி கடன் வழங்கியது. பெண்கள் முதலிற் சேமித்தனர், தமக்குள்ளே கடன் கொடுத்து வாங்கிப் பழகினர், பின்னரே வங்கிப் படியேறினர். இத்தொடரின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒருவர் அமர்ந்து பணியாற்றினார். திட்டம் வகுத்தவர், கணக்குப் பார்த்தவர், ஊக்குநருக்குப் பயிற்சி அளித்தவர், பயன் விளைந்ததா என ஆராய்ந்தவர் எனப் பலர். இத்தகைய பணிகளுக்கு ஒருவரை ஆயத்தம் செய்வதே வளர்ச்சிக் கல்வி. அந்நிதியத்தின் உதவி 1998-இல் முடிவுற்றபோதும் வேலை முடிவுறவில்லை. 1997-98-இல் தொடங்கிய மகளிர் திட்டமும், பின்னர் வந்த ஊரக வாழ்வாதார இயக்கமும் அதனைத் தொடர்ந்து ஏற்று நடத்தி வருகின்றன.

இக்கல்வியில் கற்பிக்கப்பெறுவது யாது? பொருளியல், சமூகவியல், புள்ளியியல், அரசியல் ஆகியவற்றின் கலவை என்று சொல்லிவிடலாம். ஆனால் அதனால் ஒன்றும் விளங்காது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். நம் பகுதி ஏரிப் பாசனப் பகுதி. 1984 முதல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியோடு தமிழகத்து ஏரிகள் சில புதுப்பிக்கப்பெற்றன. ஓர் ஏரியின் கரை உயர்த்தப்பட்டு, மதகும் கலங்கலும் செப்பனிடப்படுவதாகக் கொள்வோம். பொறியாளர் எவ்வளவு நீர் தேங்கும் என்று கேட்பார். வளர்ச்சி பயின்றவரோ வேறு வினாக்களையும் எழுப்புவார். கூடுதல் நீர் கடைமடை வரை செல்லுமா, அல்லது மதகடியில் நிலமுடையவரோடு நின்றுவிடுமா? நிலமே இல்லாத கூலிக் குடும்பத்திற்கு இதனால் எத்தனை நாள் வேலை கூடும்? மீன் குத்தகை யாருக்கு? கிணறும் மின்னிறைப்பியும் உடையவர் ஏரியைப் பேண முன்வருவாரா? அடுத்த பத்தாண்டில் தூர் வாரும் செலவு யாருடையது? விடை காண ஊர்க்கணக்கையும் பார்க்கவேண்டும், ஊராரிடமும் பேசவேண்டும். 1990-இல் மஹ்பூபுல் ஹக் முன்னின்று வெளியிட்ட முதல் மனித வளர்ச்சி அறிக்கை, வருமானத்தோடு வாழ்நாளையும் கல்வியையும் சேர்த்து அளந்ததற்கும் இத்தகைய வினாக்களே பின்புலம்.

நம் வட்டாரத்திலிருந்து இத்துறையின் உச்சிக்குச் சென்றவர் இல்லாமலில்லை. வேலூரில் 1910-இல் பிறந்த மால்கம் ஆதிசேசய்யா, சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பொருளியல் கற்பித்தவர். 1948-இல் யுனெஸ்கோவிற் சேர்ந்து அதன் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்தார். ஓய்வுக்குப்பின் தாயகம் திரும்பி, 1971-இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். பாரிசு நகரில் வாழ்ந்தவர் அடையாற்றில் நிறுவனம் கண்டது சிந்திக்கத்தக்கது.

அந்நிறுவனத்தில் இன்று முனைவர்ப் பட்ட ஆய்வு செய்யலாம். முதுகலை பயில விரும்புவோர்க்குக் காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகமும், மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும், குசராத்தின் ஆனந்து நகரிலுள்ள ஊரக மேலாண்மை நிறுவனமும் உள்ளன. வெளிநாடெனில் நெதர்லாந்தின் ஹேக் நகரத்துச் சமூக ஆய்வு நிறுவனமும் இங்கிலாந்தின் சசெக்சும் புகழ்பெற்றவை. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. உதவி வழங்கும் நாடுகளின் கை இன்று சுருங்கி வருகிறது. பிரித்தானியா தன் பன்னாட்டு வளர்ச்சித் துறையை 2020-இல் வெளியுறவுத் துறையோடு இணைத்துவிட்டது; 1961 முதல் இயங்கிய அமெரிக்கப் பன்னாட்டு வளர்ச்சி முகமை 2025-இல் கலைக்கப்பட்டது. பட்டறிவு மிக்கோர் பலரே வேலையிழந்து நிற்கும் இந்நாளில், வீட்டை அடகு வைத்து ஓராண்டுப் பட்டத்திற்காக விமானம் ஏறுவது அறிவுடைமை ஆகாது என்பது என் கருத்து. உதவித்தொகை கிடைத்தாற் செல்லுக. பிரித்தானியாவின் செவனிங் உதவித்தொகைக்கு ஈராண்டுப் பணியறிவு வேண்டும். ஆகவே முதலில் இங்கே பணியாற்றுவதே அதற்கும் வழி.

இங்கே எவ்வகைப் பணி? ஊரக வாழ்வாதார இயக்கத்தில் வட்டார ஒருங்கிணைப்பாளர், தொண்டு நிறுவனங்களிற் களப்பணியாளர், ஆய்வு நிறுவனங்களிற் கணக்கெடுப்பாளர் எனத் தொடங்கலாம். பெரும்பாலும் ஒப்பந்தப் பணி; ஊதியமும் பெரிதன்று. இதனை மறைப்பதிற் பயனில்லை. ஐக்கிய நாடுகள் அமைப்புகள் இந்தியருக்கெனவே இந்தியாவில் சில பணியிடங்களை வைத்துள்ளன. ஐக்கிய நாடுகள் தொண்டர் திட்டத்திலும் உள்நாட்டுத் தொண்டராகச் சேரலாம். களத்திற் சில ஆண்டு நின்றவர்க்கே அவ்வாயில்கள் எளிதில் திறக்கின்றன.

தமிழ் பயிலும் மாணவர் தமக்கு இதில் இடமில்லையென எண்ணவேண்டா. அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பெறுகிறது. கூட்டம் தமிழில் நடக்கிறது. இடையில் இழப்பு நேர்கிறது. ‘பயனாளி’ என்று ஏட்டில் எழுதப்பெறும் பெண், தன்னைக் கடனாளி என்றுதான் சொல்லிக்கொள்கிறாள். இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள தொலைவை உணர்ந்து எழுதத் தெரிந்தவர் இத்துறைக்கு மிகுதியும் தேவை. மேலும், நம்போன்ற கல்லூரிகளிற் பகுதி ஒன்றில் அரபு எடுத்துப் பயில்வோர், அது ஐக்கிய நாடுகள் அவையின் ஆறு அலுவல் மொழிகளுள் ஒன்று என்பதை மறவாதிருப்பாராக. தேர்வோடு அதனைக் கைவிடுதல் பேரிழப்பு.

அனந்தபுரம் பேரூராட்சி ஆதலின் அங்குக் கிராம சபை கூடுவதில்லை; சுற்றியுள்ள ஊராட்சிகளிற் சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களிற் கூடுகிறது. பட்டம் பெறுமுன் அவற்றுள் ஒன்றிற்கேனும் சென்று, வரவு செலவு படிக்கப்படும்போது யார் எழுந்து வினவுகிறார், யார் வாளா இருக்கிறார் என்பதை ஒரு பக்கம் எழுதிப் பார்க்கலாம். வளர்ச்சிப் படிப்புக்கான நேர்காணலில் காட்டுவதற்கு அந்த ஒரு பக்கம் உதவும்.