செயின் ஏன் தொங்குகிறது?

கேள்வி: 125 சிசி பைக்கில் உணவு டெலிவரி செய்கிறேன். முன்பெல்லாம் ஒரு முறை செயின் டைட் வைத்தால் அடுத்த சர்வீஸ் வரை நிற்கும். இப்போது இரண்டு வாரத்திலேயே தொங்கிவிடுகிறது. அட்ஜஸ்டரும் கடைசிக்கு வந்துவிட்டது. லிங்க் எடுத்துவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்கிறார் மெக்கானிக். எடுக்கலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: எடுக்காதீர்கள். உங்கள் செயினின் ஆயுள் முடிந்துவிட்டது.

செயினின் தகடுகள் இழுபட்டு நீள்வதில்லை. நீளம் கூடுவது மூட்டுகளில்தான். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ், புஷ்ஷின் மேல் உருளும் ரோலர். 1880-இல் ஹான்ஸ் ரெனால்ட் காப்புரிமை பெற்ற செயினும் அடிப்படையில் இப்படித்தான் இருந்தது. ஸ்ப்ராக்கெட்டில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் மூட்டு மடங்கி நிமிர்கிறது. பின், புஷ்ஷுக்குள் உரசுகிறது. உள்ளே எண்ணெய் வற்றி மண் புகுந்தால் இரண்டும் தேயும். மூட்டுக்கு 0.1 மி.மீ. தேய்ந்தாலே 120 லிங்க் கொண்ட செயின் 12 மி.மீ. கூடிவிடும்.

நம் ஊரில் 100 முதல் 150 சிசி வரையுள்ள வண்டிகளில் பரவலாக இருப்பது 428 வகைச் செயின். இதில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் 12.7 மி.மீ. தள்ளி இருக்கும். செயினை விறைப்பாக வைத்து 21 பின்களை எண்ணி, முதல் பின்னின் நடுவிலிருந்து கடைசிப் பின்னின் நடுவரை அளந்து பாருங்கள். புதுச் செயினில் 254 மி.மீ. இருக்கும். 259-ஐத் தொட்டுவிட்டால் சுமார் 2 சதவீதம் கூடிவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் ஓட்டக் கூடாது. அளக்க வசதி இல்லையென்றால், பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்பக்க நடுவில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் செயின் போய்விட்டது.

லிங்க் எடுத்தால் மொத்த நீளம் குறையுமே தவிர, மிச்சமுள்ள மூட்டுகளின் இடைவெளி பழையபடி சரியாகிவிடாது. அந்த இடைவெளி பல்லின் இடைவெளியோடு பொருந்தாததால், ரோலர் பள்ளத்தில் உட்காராமல் பல்லின் மேல் ஏறும். வேகமாகப் போகும்போது செயின் கழன்றோ அறுந்தோ போனால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். எஞ்சின் கேஸும் உடையலாம்.

கேள்வி: செயினை மட்டும் மாற்றினால் போதாதா? ஸ்ப்ராக்கெட் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.
– வாசகர், நாமக்கல்

பதில்: நீண்ட செயின் ஸ்ப்ராக்கெட்டையும் தன் அளவுக்குத் தேய்த்துவிடும். பல்லை ஒருபக்கம் சாய்த்து, கொக்கிபோல ஆக்கிவிடும். அதில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரமே தேயும். முன் ஸ்ப்ராக்கெட்டைக் கவர் மறைத்திருப்பதால் பலரும் பார்ப்பதில்லை. ஆனால் பற்கள் குறைவு என்பதால் ஒவ்வொரு பல்லும் அதிக முறை செயினைச் சந்திக்கிறது. முதலில் தேய்வது அதுதான். செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட் மூன்றையும் சேர்த்துச் செயின் கிட்டாக மாற்றுவதே கடைசியில் லாபம்.

கேள்வி: பழைய எஞ்சின் ஆயில், கிரீஸ், கியர் ஆயில், ஸ்ப்ரே என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதைப் போடுவது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: எண்ணெய் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே போக வேண்டும் என்பதை நினைவில் வைத்தால் குழப்பம் தீரும். கிரீஸ் கெட்டியானது, வெளியே அப்பிக்கொண்டு மண்ணைப் பிடித்து வைக்குமே தவிர உள்ளே இறங்காது. பழைய எஞ்சின் ஆயிலில் கரியும் உலோகத் துகளும் கலந்திருக்கும். 90 கியர் ஆயில் மலிவானது, போதுமானது. செயின் ஸ்ப்ரே போட எளிது, தெறிப்பும் குறைவு.

முதலில் துணியையும் மண்ணெண்ணெயையும் கொண்டு அழுக்கைத் துடைத்துவிடுங்கள். வண்டி ஓடி, செயின் சூடாக இருக்கும்போது, கீழ்ப்பக்க ஓட்டத்தின் உள்முகத்தில், தகடுகள் சேரும் இடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். சுழலும்போது எண்ணெய் வெளிப்புறம் தள்ளப்படும் என்பதால், உள்முகத்தில் விட்டால்தான் மூட்டு வழியாகப் போகும். கொஞ்ச நேரம் ஊறவிட்டு மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். திறந்த செயின் என்றால் சுமார் 500 கி.மீ.க்கு ஒரு முறை. மழையில் நனைந்தால் அன்றே.

பெரிய வண்டிகளில் வரும் ஓ-ரிங் செயினில் கம்பெனி வைத்த கிரீஸை ரப்பர் வளையங்கள் உள்ளேயே பூட்டி வைத்திருக்கும். அந்த ரப்பர் கெட்டால் செயினும் கெட்டது. பெட்ரோலால் கழுவுவது, கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது, வாட்டர் சர்வீஸில் அருகிலிருந்து பீய்ச்சுவது மூன்றும் கூடாது.

கேள்வி: செயின் விறைப்பாக இருந்தால் பிக்கப் நன்றாக இருக்கும் என்கிறார் அண்ணன். சரியா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: அண்ணன் சொல்வது தவறு. பள்ளத்தில் இறங்கும்போது ஸ்விங் ஆர்ம் மேலெழுகிறது. முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்மின் அச்சு, பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும் கணத்தில் செயினுக்கு அதிக நீளம் தேவை. நிறுத்தி வைத்திருக்கும்போதே விறைப்பாக இருந்தால், அந்தக் கணத்தில் கியர்பாக்ஸ் பேரிங்கும் வீல் பேரிங்கும்தான் அடி வாங்கும்.

கீழ்ச் செயினை நடுவில் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் பல வண்டிகளில் 25 முதல் 35 மி.மீ. வரை ஆட வேண்டும். உங்கள் வண்டியின் சரியான அளவு கையேட்டில் இருக்கும். செயின் எங்கும் ஒரே மாதிரி தேய்வதில்லை. எனவே சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, மிக விறைப்பான இடத்தில் அந்த அளவை வையுங்கள். இருபுற அட்ஜஸ்டரின் கோடுகளும் ஒன்றாக இருக்கட்டும். இல்லையென்றால் சக்கரம் சாய்ந்து, பல்லின் பக்கவாட்டைச் செயின் அரிக்கும். பின்னால் டிரம் பிரேக் என்றால், சக்கரம் நகர்ந்ததற்கு ஏற்ப பிரேக் ராடையும் மறுபடி சரி செய்ய வேண்டும்.

கேள்வி: சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, கியரில் வைத்து ஆயில் விட்டால் வேலை சீக்கிரம் முடிகிறதே?
– வாசகர், ஓசூர்

பதில்: துணியின் நுனி செயினில் சிக்கினால் போதும், விரலையும் ஸ்ப்ராக்கெட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.