பி.பி. நம்பர் இல்லாத பூத்து

அன்புள்ள தங்கைக்கு,

எஸ்.டி.டி. பூத்தை உலாவிக்குள் மறுபடி கட்டும் உன் திட்டத்தைப் பார்த்தேன். மஞ்சள் பலகை, கண்ணாடிக் கூண்டு, சிவப்பில் ஏறும் ரூபாய் என்று படங்கள் நன்றாக வந்திருக்கின்றன. நீ தேர்ந்தெடுத்த பொருளே பாதி வெற்றி. இந்த வகைச் செயலிகளில் பெரும்பாலானவை மேலைநாட்டுப் பிள்ளையின் அறையில் பிறந்தவை: உலாவியில் ஓடும் விண்டோஸ் 95, வின்ஆம்ப்பை அச்சாகத் திரும்ப எழுதிய வெப்ஆம்ப், ஜியோசிட்டீஸ் நினைவில் 2013இல் தொடங்கிய நியோசிட்டீஸ். நல்ல வேலைகள்தான். ஆனால் தனக்கென்று ஒரு மேசையும் கணினியும் வாய்த்த பிள்ளையின் ஏக்கம் அது. பென்னாகரத்திலும் அரூரிலும் தொண்ணூறுகளில் வளர்ந்த பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கருவி என்றால் பொதுச்சொத்து. டிவி பஞ்சாயத்து அறையில் இருந்தது, போன் கடைத்தெருவில் இருந்தது. அப்படிப் பலர் கைபட்ட ஒன்றை, ஒற்றை ஆள் தனியே தொட்டு ரசிக்கும் பொம்மையாக்கினால், நிறம் எவ்வளவு பொருந்தினாலும் அது வேறு பொருள்தான். உன் வரைவில் எனக்கு இருக்கும் குறை இது ஒன்றே.

தருமபுரி மாவட்டத்துக்கு அந்தப் பூத்து எதற்குப் பயன்பட்டது என்று யோசி. கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் பெங்களூர் போனவர்கள் ஊரோடு பேச அதுதான் வழி. அங்கிருந்து 04342 என்றோ, அரூர் பக்கமானால் 04346 என்றோ சுழற்றினால் மணி அடிப்பது சொந்த வீட்டில் அல்ல. மளிகைக் கடையிலோ, போன் வைத்திருக்கும் தெருக்கோடி வீட்டிலோ அடிக்கும். அதுதான் பி.பி. நம்பர். கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படித்தான் அச்சிட்டார்கள். இதற்குக் காரணம் இருந்தது. 1984இல் தொடங்கிய அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட் கிராமங்களுக்கென்று வடிவமைத்த எக்ஸ்சேஞ்ச், குளிர்சாதனம் இல்லாமலே ஓடக்கூடியது. முதலாவது 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் வந்தது. அதில் இருந்தவை 128 போர்ட்டுகள்தான். அத்தனை குறைவான இணைப்பை ஊரே பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஆகவே முதல் அழைப்பு ‘கொஞ்சம் கூப்பிடுங்க, பத்து நிமிசத்துல மறுபடி போடறேன்’ என்று சொல்ல மட்டும். ஒரு சிறுவன் ஓடுவான். இரண்டாவது அழைப்பில்தான் பேச்சு. உன் செயலியில் எண்ணைச் சுழற்றியதும் அம்மா எடுக்கிறாள். அந்த ஓட்டத்தை நீ அழித்துவிட்டாய்.

இன்னொன்று, மீட்டர். ரூபாய் ஒரே வேகத்தில் ஏறுவதாக வரைந்திருக்கிறாய். உண்மையில் எக்ஸ்சேஞ்சிலிருந்து துடிப்புகள் வரும், துடிப்புக்கு ஒரு யூனிட். தூரம் கூடினால் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி சுருங்கும், இரவு ஏறினால் விரியும். ராத்திரியில் பூத்து முன்னால் வரிசை நின்றது இதனால்தான். மேலும், காசு தீர்ந்ததும் இணைப்பு அறுவதாக எழுதியிருக்கிறாய். அது ஒரு ரூபாய் காயின் பெட்டியின் குணம். பூத்தில் லைனை யாரும் அறுக்கவில்லை. உள்ளே நிற்பவர் மீட்டரையும் சட்டைப் பையையும் மாறி மாறி நினைத்து, தானே வைத்தார். அந்தக் கணக்கைப் பயனர் தலையில் ஏற்று. பில் கூடிப்போனால் என்ன செய்வது என்பதைப் பூத்துக்காரராக இருக்கும் இன்னொரு பயனர் முடிவு செய்யட்டும். பூத்து எப்படிச் செத்தது என்றும் நினைத்துப் பார். 2003இல் கைப்பேசிக்கு வரும் அழைப்பு இலவசமானது. 2006 மார்ச்சில் பி.எஸ்.என்.எல். நாடு முழுக்க நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்றது. தூரத்துக்கு விலை இல்லாமல் போனது, பூத்துகளும் ஒவ்வொன்றாகப் போயின. கூண்டும் பலகையும் அப்படியேதான் இருந்தன. எதை எடுத்ததும் பூத்து செத்ததோ, அதைத்தானே நீ திரும்பக் கொண்டுவர வேண்டும்?

ஒலியிலும் இதே கவனம் வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் ஒலிக்கோப்புகளில் பெரும்பாலும் இருப்பது அமெரிக்க மணி: இரண்டு வினாடி ஒலித்து நான்கு வினாடி அடங்கும். நம் மணி இரட்டை மணி. 0.4 வினாடி ஒலி, 0.2 இடைவெளி, மறுபடி 0.4, பிறகு இரண்டு வினாடி அமைதி. 400 ஹெர்ட்ஸை 25 ஹெர்ட்ஸால் பண்பேற்றினால் வெப் ஆடியோவிலேயே செய்துவிடலாம், கோப்பே தேவையில்லை. பயனர் தொடும்வரை ஒலி எழுப்ப உலாவி விடாது என்று அலுத்துக்கொள்ளாதே. ரிசீவரை எடுப்பதுதானே அந்தத் தொடுதல்.

‘யார் காத்திருப்பார்கள்?’ என்று நீ கேட்பாய். நியாயம். பத்து நிமிடத்தை ஒரு நிமிடமாகச் சுருக்கு, ஆனால் தாண்டிப்போகும் பொத்தானை வைக்காதே. முன்பின் தெரியாத எதிராளி கிடைக்கும்வரை ஆன்லைன் சதுரங்கத்தில் காத்திருப்பவர்கள் இதே ஆட்கள்தான். இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது: வறுமையைப் போய் இனிப்பாக்குவதா? இதை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். கண்ணாடிக்கு வெளியே வரிசை, மறுமுனையில் அடுத்த வீட்டுக் கூடம். புருஷன் வெளியூரில் இருக்கும் பெண் தன் மனதில் இருந்ததைச் சொல்லவே முடியாமல் வைத்த அழைப்புகள் எத்தனையோ. யார் வீட்டுப் போனுக்கு யார் கூடம்வரை வரலாம் என்பதில் சாதியும் இருந்தது. மஞ்சளும் சிவப்பும் மட்டும் காட்டுகிற செயலிதான் இதையெல்லாம் மறைத்துவிடுகிறது. மூன்றாம் ஆள் காதில் விழும்படி பேச வைக்கிற செயலி மறைக்காது. ஆகவே அந்த மூன்றாம் ஆளை எடுத்துவிடாதே; குரல் எதையும் சேமிக்கவும் சேமிக்காதே. அந்தக் காலத்தில் நீ பிறக்கவே இல்லை என்ற மூன்றாவது குற்றச்சாட்டுக்கு நான் மதிப்புத் தருவதில்லை. வாழ்ந்தவர்கள் பலருக்கு மீட்டர் ஏன் அப்படி ஓடியது என்று தெரியாது.

எனவே அடுத்த வேலை திரையில் இல்லை. பூத்து வைத்திருந்தவர்களில் பலர் இன்று ஜெராக்ஸ் கடையிலும் ரீசார்ஜ் கடையிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய பில், கட்டண அட்டை ஏதாவது பரணில் கிடக்கிறதா என்று கேள். பாலக்கோட்டிலிருந்து பெங்களூருக்குப் பகலில் எத்தனை வினாடிக்கு ஒரு துடிப்பு, ராத்திரியில் எத்தனை என்று ஒரு அட்டவணை போடு. பிறகு மூன்று பேரை மூன்று கைப்பேசிகளோடு உட்கார வைத்து, படமே இல்லாமல், எண்களும் மணியும் மட்டும் வைத்து ஓட்டிப் பார். அது ஓடினால் எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா