ஆனைமலைச் சோலைக்காடு

மழைக்காடு என்றவுடன் அமேசானே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஆழியாறு வழியாக வால்பாறை ஏறினால் நம் கோவை மாவட்டத்திலேயே மழைக்காட்டைக் காணலாம்.

இங்கு வாழும் சிங்கவால் குரங்கு, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகின் வேறெந்தக் காட்டிலும் இல்லை. மர உச்சிகளில் வாழும் அதற்குப் பின்னிக் கிடக்கும் கிளைகளே பாதை. பெரிய இருவாச்சிப் பறவையோ முதிர்ந்த மரப்பொந்தில் கூடமைக்கிறது. பெண் பறவை உள்ளே புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ள, ஆண் பறவை சிறு பிளவு வழியே உணவூட்டுகிறது. அவை உண்ட பழங்களின் விதைகள் தொலைவில் விழுந்து மரங்களாகின்றன. மரம் பறவையை வளர்க்கிறது. பறவை மரத்தை வளர்க்கிறது.

19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்காகக் காடு அழிக்கப்பட்டது. எஞ்சிய சோலைகள் பல தோட்டங்களுக்கிடையே தீவுகளாய் நிற்கின்றன. கிளைப் பாதை அறுந்ததால் குரங்குகள் சாலையில் இறங்கி வாகனங்களில் அடிபடுகின்றன. அவை கடக்க மரங்களுக்கிடையே தொங்குபாலங்கள் கட்டப்பட்டுள்ளன. 1976இல் சரணாலயமான ஆனைமலை, 2007இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

குரங்குக்கும் பறவைக்கும் நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். சோலை மண் மழைநீரை உறிஞ்சி, ஓடைகளில் மெல்ல மெல்ல விடுகிறது. அந்நீரே பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால்களில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பாய்கிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என் படிப்புச் செலவும் அந்த வாய்க்கால் தண்ணீரில் விளைந்ததே.

கொங்கு நாட்டில் உழுகின்ற நிலத்தையும் காடு என்றே சொல்கிறோம். மலைமேல் அந்தக் காடு நிலைத்தால்தான் கீழே இந்தக் காடு விளையும்.