ராட்டினம் வரும் ஊரில் வணிகர் கவனிக்க வேண்டியவை

மளிகைக் கடைக்காரருக்கும் ராட்டினத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நகரத்து உறுப்பினர்கள் கேட்கக்கூடும். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் கடை வைத்திருப்பவர்கள் கேட்கமாட்டார்கள். பாடு கிடைத்த வீட்டில் பழைய பாக்கி தீருவதும், கிடைக்காத வீட்டில் நோட்டுப் புத்தகம் நீளுவதும் அங்கே ஆண்டு முழுவதும் நடப்பது. ரொக்க வியாபாரம் என்று சொல்லத்தக்கது அம்மன் கோயில் திருவிழா, மகிமை மாதா ஆலயத் திருவிழா, காணும் பொங்கல் போன்ற சில நாட்களில்தான். ராட்டினம் நிற்கும் இடத்தில் குழந்தை நிற்கும். குழந்தை நிற்கும் இடத்தில் குடும்பம் நிற்கும். சோடாவும் பிஸ்கட்டும் முறுக்கும் விற்கும். ஆகவே ராட்டினக்காரருக்கு இடம் பார்த்துக் கொடுப்பதிலும் தரைவாடகை பேசுவதிலும் வணிகர்களாகிய நாமே முன்னால் நிற்கிறோம். அப்படி நிற்பதால் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவையும் உண்டு.

ராட்டினத்தில் ஏறி இறங்கியவர் வீட்டுக்குப் போய்ப் பேசுவது பெரும்பாலும் இயந்திரத்தைப் பற்றியல்ல, இயக்கிய ஆளைப் பற்றித்தான். சுற்று குறைந்துவிட்டது, மாலையில் ஒரு கட்டணம் இரவில் ஒரு கட்டணம், பெண்பிள்ளைகளிடம் பேசிய விதம் சரியில்லை, மேலே குழந்தை அழுதபோது நிறுத்தவில்லை: இவைதான் குறைகள். இவற்றில் சில, தொழில் தெரியாததால் எழுபவை. ராட்சத ராட்டினத்தில் ஆள் ஏற்றுவது தராசில் எடை போடுவது போன்றது. ஒரு பக்கப் பெட்டிகளை மட்டும் நிரப்பினால் பாரம் ஒருபுறம் இழுக்கும். மோட்டாரும் பிரேக்கும் திணறும். தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு பெட்டியை நிரப்பியதும் அதற்கு நேர் எதிர்ப் பெட்டியைக் கீழே கொண்டுவந்து நிரப்புவார். ஏறி அமர்ந்தவருக்கோ, "நம்மை அந்தரத்தில் நிறுத்திவிட்டு வேறு யாரையோ ஏற்றுகிறான்" என்று கோபம் வரும். "எடை சமன் செய்கிறோம் அம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். படியைக் காட்டி நிறுக்கும் கடைக்காரருக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் பொறுத்துக்கொள்ளக் கூடாத குறை ஒன்று உண்டு. அது அளவுக்கு மேல் ஆள் ஏற்றுவது. ராட்டினம் நிறைந்து ஓடினாலும் காலியாக ஓடினாலும் ஜெனரேட்டர் குடிக்கும் டீசலில் பெரிய வித்தியாசம் இல்லை. எனவே கூடுதலாக ஏறும் ஒவ்வொருவரும் முதலாளிக்கு முழு லாபம். "இன்னொரு குழந்தைதானே, மடியில் உட்காரட்டும்" என்று பெற்றோரே கெஞ்சுவார்கள். "முடியாது" என்று சொல்லத் துணிந்த ஆள் வாசலில் நிற்கிறாரா என்பதே கேள்வி.

பழவேற்காட்டுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே சவாரி என்றாலே முதலில் நினைவுக்கு வருவது படகு. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாளில், உல்லாசமாக வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அவர்களிடம் உயிர் காக்கும் லைஃப் ஜாக்கெட் இல்லை. அதன்பின் சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை வந்தது. படகோட்டி ஒருவருடைய கணக்குப் பிழைக்கு மற்றப் படகோட்டிகளும், அவர்களை நம்பிக் கரையில் கடை போட்டவர்களும் சேர்ந்தே விலை கொடுத்தார்கள்.

ராட்டினத்தில் இன்னொரு ஆபத்து உப்புக் காற்று. கடையில் தராசுத் தட்டும் ஷட்டரும் எத்தனை வேகத்தில் துருப்பிடிக்கின்றன என்பதை ஏரிக்கரை வணிகர் தினமும் பார்க்கிறார். ஊர் ஊராகக் கழற்றி மாட்டப்படும் இரும்புக் குழாய்க்கு வெளியே பளபளவென்று பெயிண்ட் அடித்துவிடலாம். உள்ளே அரிப்பதைக் கண்ணால் காண முடியாது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பொருட்காட்சியில் 2017 ஜூலை 26 அன்று சுழலும் ஆட்டம் ஒன்றின் இருக்கை வரிசை பிய்த்துக்கொண்டு போய் ஒருவர் இறந்தார், 7 பேர் காயமடைந்தனர். அன்றைய தினமே சோதனை செய்து அனுமதி கொடுக்கப்பட்ட இயந்திரம் அது. தாங்கு சட்டத்தின் உட்புறம் துருவால் மெலிந்திருந்ததே காரணம் என்று தயாரித்த நிறுவனம் பிறகு கூறியது. அதே ஆண்டு மே மாதம் நம் பக்கத்து அனந்தபூரில் ராட்சத ராட்டினத்தின் பெட்டி கழன்று 10 வயதுச் சிறுமி பலியானாள். கோளாறு இருப்பதாக முன்கூட்டியே சொன்னதை இயக்கியவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன.

"விபத்து நடந்தால் ராட்டினக்காரர் பார்த்துக்கொள்வார், நமக்கென்ன" என்று விழாக்குழுவில் இருக்கும் நம்மவர் சிலர் நினைப்பதுண்டு. மீரட் நகரில் 2006 ஏப்ரல் 10 அன்று நுகர்வோர் பொருட்காட்சிப் பந்தலில் தீப்பிடித்து 65 பேர் இறந்த வழக்கை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். பந்தல் போட்ட ஒப்பந்தக்காரரே பொறுப்பு என்று அமைப்பாளர்கள் வாதித்தனர். உச்ச நீதிமன்றம் 2022-இல் அதை ஏற்கவில்லை. இழப்பீட்டில் 60 சதவீதம் அமைப்பாளர்கள் மீதும் 40 சதவீதம் அரசின் மீதும் விழுந்தது. ரசீதில் யார் பெயரில் தரைவாடகை வாங்குகிறோம் என்பது சாதாரண விஷயமல்ல.

ஆகவே முன்பணம் வாங்குமுன் கேட்க வேண்டியவற்றைக் கேட்டுவிடுவோம். காவல் துறை, தீயணைப்புத் துறை அனுமதிகள், பொறியாளர் சான்று, காப்பீட்டுப் பத்திரம் ஆகியவற்றின் நகல் சங்கத்தில் இருக்கட்டும். கேளிக்கை ராட்டினங்களுக்கென்றே ஐ.எஸ். 15475 என்ற இந்தியத் தர நியமம் உண்டு. பொறியாளரிடம் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். குப்பத்து மணலில் அடிக்கட்டை எதன்மேல் நிற்கிறது, மழைக்குப் பின் யார் பார்ப்பார்கள் என்பதையும் பேசிவிட வேண்டும். ஒரு பெட்டிக்கு எத்தனை பேர் என்பதைத் தமிழில் பெரிதாக எழுதி டிக்கெட் கொடுக்கும் இடத்திலேயே மாட்டச் சொல்வோம்.

சான்றிதழ் எதுவும் சொல்லாத ஒன்று நம் கல்லாவில் தெரியும். ராட்டினத்தில் வேலை செய்யும் பையன்கள் பலர் வெளிமாநிலத்தவர். நள்ளிரவு தாண்டி விளக்கணைத்துவிட்டு, லாரிக்கு அடியில் படுத்தெழுந்து, விடிந்ததும் அரிசி, பருப்பு, டீத்தூள் வாங்க வருவது நம் கடைக்குத்தான். யார் தூங்கவில்லை, யார் காய்ச்சலோடு நிற்கிறார், யார் மேல் சாராய நாற்றம் அடிக்கிறது என்பது போலீஸாருக்கு முன்பே மளிகைக்காரருக்குத் தெரிந்துவிடுகிறது. அதை அன்று மாலை ஆட்டம் தொடங்குமுன் ராட்டின முதலாளியிடம் நேரில் சொல்லிவிட வேண்டும்; அவர் கேட்காவிட்டால் விழாக்குழுவிடம். அந்தப் பையன்களின் கூலியில் பாதி ஊர் திரும்பும்போதுதான் கைக்கு வரும் என்பதால், சாமான் கணக்கை அவர்கள் பெயரில் எழுதாமல் முதலாளி பெயரிலேயே எழுதி, கடைசி நாள் மாலைக்குள் முடித்துக்கொள்வது நல்லது. லாரிகள் விடியுமுன் கிளம்பிவிடும்.